கல்லூரி வாயில் முதல் வீட்டுப் படலை வரை

யூபிலி மலர்கள் பலவற்றை நாம் படித்திருக்கின்றோம். கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதிபர்களின் அருந்தொண்டு, மண்டபங்களுக்கு அடிக்கல் நாட்டிய வைபவம், பரீட்சைப் பெறுபேறுகள், உதைபந்தாட்டத்திலும் துடுப்பாட்டத்திலும் ஈட்டிய வெற்றிகள் ஆகிய யாவும் அவற்றிலே விரித்துரைக்கப்பெறும். அவை உரைக்கத் தக்கனவே. ஆயினும், ஒன்றைப்பற்றி மட்டும் எவரும் எழுதக் கண்டிலோம். மணி அடித்தபின் கல்லூரி வாயிலைக் கடக்கும் மாணவன் தன் வீட்டுப் படலையைத் திறக்கும் வரையில் இடையே கிடக்கும் வழியே அது. அவ்வழி கல்லூரிக்கும் உரியதன்று, வீட்டிற்கும் உரியதன்று. அதனாற்போலும் அதன் வரலாற்றை எழுதுவார் இலர். அக்குறையை இயன்ற அளவு நிரப்பப் புகுகின்றோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்ணார்பண்ணையிலுள்ள நம் கல்லூரிக்கும் கொக்குவிலில் இருந்த எம் வீட்டிற்கும் இடையே ஏறத்தாழ 2 மைல். போக இரண்டு, வர இரண்டு; நாளொன்றுக்கு 4 மைல். ஆண்டொன்றில் 200 நாள் பாடசாலை எனக் கொள்வோமாயின் 800 மைல். பத்து ஆண்டுப் படிப்பிற்கு 8,000 மைல். இங்கிருந்து இலண்டன் மாநகர் வான்வழியே 5,000 மைலுக்குச் சற்று மேல். ஆகவே, நாம் நேர்வழியே நடந்திருந்தால் இலண்டனையும் கடந்து அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே நின்றிருப்போம்! அவ்வளவு தூரம் நடந்தும் நாள்தோறும் எம் வீட்டுப் படலையிலேயே வந்து நின்றோம். அது குறைவென அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. எம்மோடு நடந்தவர்களுட் சிலர் பிற்காலத்தில் மெய்யாகவே இலண்டனையும் அட்லாண்டிக்கையும் கடந்து சென்றனர். அவர்களைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

காலை நடையும் மாலை நடையும் ஒரே வீதியில் நிகழினும் ஒன்றல்ல. காலையிலே மாணவன் வழியைக் காண்பதில்லை, மணிக்கூட்டையே காண்கின்றான். செய்யாத வீட்டுவேலையும் ஒப்புவிக்க வேண்டிய செய்யுளும் அவனுக்கு முன்னே நடந்து செல்லும். மாலையிலோ அவனைத் துரத்துவார் ஒருவருமில்லை. விளையாட்டு முடிந்து, கால்களில் செம்மண் படிந்து, வயிற்றிலே பசியும் வாயிலே பேச்சுமாக அவன் வருகின்றான். அப்பொழுதுதான் கண் திறக்கின்றது. நாம் பயின்ற அறுபதுகளில் புத்தகத்திலிருந்து கற்றவற்றுட் பல மறந்துபோயின. மாலை வழியிலே கற்றவை மறக்கவில்லை.

நம் யாழ்ப்பாணம் பூமத்திய இரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் உள்ளது. ஆதலால் இங்கே பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை. நவம்பரிலே 6 மணிக்குச் சில நிமிடங்கள் முன்னரும், யூலையிலே 6.30 மணியளவிலும் ஞாயிறு மறையும். குளிர்நாடுகளிற்போல நீண்ட அந்தி நமக்கில்லை. ஞாயிறு மறைந்து அரைமணி நேரத்துள் இருள் வந்துவிடும். எனவே, எம் தாய்மார் மணிக்கூட்டைக் காட்டி எமக்குக் கட்டளையிட்டதில்லை. “விளக்கு வைக்க முன்னம் வந்திட வேணும்” என்பதே அவர்கள் விதித்த ஒரே சட்டம். அரசாங்கம் 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளிற்று. அவ்வாண்டு ஒக்டோபரில் அரைமணி பின்னே இழுத்தது. 2006 ஏப்பிரலில் பழைய நேரத்திற்கே மீண்டது. மணிக்கூடுகள் இவ்வாறு அலைந்த பத்தாண்டுகளிலும் விளக்கு வைக்கும் நேரம் அசைந்ததில்லை.

காங்கேசன்துறை வீதியிலே வடக்கு நோக்கி நடப்போம். நால்வர் சேர்ந்து செல்வது எம் வழக்கம். இவ்வட்டாரத்து வீதிகளுக்கு மாணவர் காலடி புதிதன்று. 1848 இலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாள் தொடக்கம், ஏட்டையும் பின்னர்ப் புத்தகத்தையும் ஏந்திய சிறுவர்கள் இம்மண்ணிலே மாலைதோறும் நடந்திருக்கின்றனர். தட்டாதெருச் சந்தியைக் கடந்தால் கடைகள் குறையும், வளவுகள் தொடங்கும். வீதியை விட்டு ஒழுங்கைக்குள் திரும்பினால் இருமருங்கும் வேலி; வேலிக்கு மேலே பனைகளின் தலை; அவற்றிற்கு மேலே வானம்.

அவ்வேலிகளைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கிடுகினாலும் பனையோலையினாலும் அமைந்தவை அவை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியன கதியால்களாய் நின்று தளிர்த்து ஓலையைத் தாங்கும். ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு; அதன்பின் ஓலை உக்கிவிடும். உக்கிய ஓலை தோட்டத்து மண்ணுக்கு எருவாகும். புதிய ஓலை வேலியில் ஏறும். வேலியடைப்பு ஒருவரால் இயலும் வேலையன்று. குத்தூசியை ஒருவர் உள்ளிருந்து செலுத்த, மற்றொருவர் வெளியே நின்று கயிற்றை வாங்கித் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். ஆதலின், இரு வீட்டாரைப் பிரிப்பதற்காக அடைக்கப்படும் வேலியே, அவ்விரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் கைகொடுத்தாலன்றி முடிவதில்லை. அடைத்து முடிந்த வேலியிலும் எங்கேனும் ஒரு பொட்டு இருக்கும். அதன் வழியாகவே நெருப்பும் கறியும் செய்தியும் வீட்டுக்கு வீடு செல்லும்.

ஓலை வேலி பார்வையை மறைக்கும். ஓசையையும் மணத்தையும் மறைப்பதில்லை. ஒரு வளவிலே உரலில் மா இடிக்கும் உலக்கையின் ஒலி கேட்கும். அடுத்த வளவிலே தூளுக்கு மிளகாயும் மல்லியும் வறுக்கும் மணம் எழுந்து எம் நால்வரையும் ஒருங்கே தும்மவைக்கும். ஓரிடத்தில் ஒரு சிறுமி வாய்ப்பாட்டை ஒப்புவிப்பாள். ஏழாம் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் தடுக்கி நிற்பாள். வேறோரிடத்தில் கோழிகளைக் கூட்டுக்கு அழைக்கும் குரல். இருமல் கேட்கும் வீட்டில் நோயாளி இன்னும் எழவில்லையென அறிவோம். இருமல் நின்றுபோன மாலையில் எம் பேச்சும் தானே நின்றுவிடும். நாம் ஒரு வீட்டினுள்ளும் எட்டிப் பார்த்ததில்லை. ஆயினும் ஒரு வீடும் எமக்கு அந்நியமாய் இருந்ததில்லை.

வேலிகளைப்பற்றி இனிமையான கதைகளை மட்டுமே சொல்லுதல் நேர்மையாகாது. ஓரடி நிலத்திற்காகக் கதியாலை நகர்த்தி, அதன் பொருட்டு நீதிமன்றப் படிகளிலே பரம்பரைச் சொத்தையே கரைத்த குடும்பங்களையும் நம் நாடு அறியும். இன்று அவ்வேலிகள் பெரும்பாலும் மறைந்து, சீமெந்துக் கல்லாலான மதில்கள் எழுந்துள்ளன. அதற்குக் காரணம் உண்டு. ஓலை அருகிற்று, அடைப்பதற்கு ஆளில்லை, கூலியும் உயர்ந்தது, கள்வர் பயமும் உளது. மதில் கட்டியவரை நாம் குறைகூற வரவில்லை. ஆனால், மதிலுக்கு மறுகரையில் யார் இருமுகின்றார் என்பது இன்று வீதியில் நடப்பவனுக்குத் தெரியாது. நடப்பவன் எவன் என்பதும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

இனி, அவ்வழியிலே நாம் கண்ட வேறு சில பொருள்களைக் கூறுவோம். பழைய வீடுகள் சிலவற்றின் முன்னே சங்கடப் படலை இருந்தது. படலைக்கு மேலே சிறு கூரை வேய்ந்து, இருபுறமும் திண்ணை அமைத்திருப்பர். வெயிலிலும் மழையிலும் வழிச்செல்வோர் ஒதுங்கி இருப்பதற்காக வீட்டார் தம் நிலத்திலே விட்டுக்கொடுத்த இடம் அது. சந்திகளிலே மடங்கள் இருந்தன. பருத்தித்துறையிலே வீதிக்குக் குறுக்கே கூரை எழுப்பி, அதன் கீழே மக்களும் வண்டிகளும் செல்லுமாறு கட்டிய தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். கேணியருகே ஆவுரோஞ்சிக் கல் நின்றது. மேய்ந்து திரும்பும் பசுக்கள் தம் உடல் தினவைத் தீர்த்துக்கொள்வதற்காக நட்ட கல் அது. பசுவுக்கும் மாலையில் வீடு திரும்பும் வழி ஒன்று உண்டென நினைந்தவர் நம் முன்னோர்.

இவற்றுள் எம் மனத்தை மிகக் கவர்ந்தது சுமைதாங்கி. இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடையாக வைத்திருப்பர். தலைச்சுமையோடு வருபவர் பிறர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரம் உடையது அது. சந்தைக்குக் கத்தரிக்காயும் புகையிலையும் கால்நடையாய்ச் சுமந்த காலத்து ஏற்பாடு. சிறுவராகிய எமக்கு அது ஏறிக் குதிக்கும் கல்லாகவே இருந்தது. பின்னரே அதன் காரணத்தைக் கேட்டறிந்தோம். கருவுற்ற பெண் மகப்பேற்றுக்கு முன்னர் இறந்துவிடுவாளாயின், இறக்கிவைக்கப்படாத அவள் சுமையை நினைந்து, அவள் உறவினர் வழியிலே சுமைதாங்கி நாட்டுதல் தமிழர் வழக்கம். அதை அறிந்த பின்னர் நாம் அக்கல்லின்மீது ஏறவில்லை. தம் வீட்டுத் துயரை வீட்டினுள்ளேயே வைத்து அழாமல், வீதியிலே போகும் முகமறியாத ஒருவனுடைய கழுத்து நோவைத் தீர்க்கும் பொருளாக அதனை மாற்றியவர்களை எண்ணி வியக்கின்றோம்.

இங்கும் ஒன்றை மறைத்தல் ஆகாது. இவ்வறங்கள் யாவர்க்கும் ஒரே அளவினவாய் இருந்தனவல்ல. சுமைதாங்கி சுமப்பவனின் சாதியைக் கேட்டதில்லை. ஆனால், தண்ணீர் வார்த்த கை கேட்டது; தேநீர்க் கடை கேட்டது; கோயில் வாயிலும் கேட்டது. எம்மோடு ஒரே வாங்கில் இருந்து ஒரே பாடத்தைப் படித்த நண்பன் ஒருவன், வழியிலே நாம் நீர் அருந்திய கிணற்றடிக்கு வராமல், செருப்பைச் சரிசெய்பவன்போல வீதியிலேயே நின்றுகொள்வான். பொது இடங்களிலே சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமெனச் சட்டம் இயற்றப்பட்டது 1957 இல். அதற்குப் பதினோராண்டுகளின் பின்னரும், 1968 இலே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் போராட நேர்ந்தது. முன்னோர் அறத்தைப் போற்றுவோர், அவ்வறம் எந்தக் கிணற்றடியில் நின்றுவிட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் கடன்.

எம் ஒழுங்கையிலே ஒரு சங்கடப் படலைத் திண்ணையில், மாலைதோறும் ஒரு மூதாட்டி இருப்பார். அவர் எமக்கு உறவினர் அல்லர். ஊரார் யாவர்க்கும் போல எமக்கும் ஆச்சி. கையிலே பாக்கு வெட்டியும் மடியிலே வெற்றிலைத் தட்டமுமாக இருக்கும் அவர், எம்மோடு நீண்ட பேச்சு வைத்துக்கொள்வதில்லை. எம்மை எண்ணுவார், அவ்வளவே. ஒரு நாள் எம்முள் ஒருவன் வரவில்லை.

“தம்பியவை, இண்டைக்கு மூண்டு பேராய் வாறியள். மற்றவன் எங்கை?” என்றார்.

“அவனுக்குக் காய்ச்சல், ஆச்சி.”

“அவன்ரை தாயிட்டைச் சொல்லுங்கோ, மல்லி அவிச்சுக் குடுக்கட்டாம். நாளைக்கும் எழும்பாட்டில் எனக்கு வந்து சொல்ல வேணும்.”

மறுநாளும் அவன் எழவில்லை. நாம் சொன்னோம். அன்றிரவே ஆச்சி கையில் அரிக்கன் விளக்கோடு, முன்னர் ஒருபோதும் சென்றிராத அவ்வீட்டுப் படலையைத் தட்டினார் எனப் பின்னர் அறிந்தோம். காய்ச்சலின் தன்மையைக் கண்டு, வண்டி பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லும்படி வற்புறுத்தியவரும் அவரே. நண்பன் மூன்று கிழமை கழித்து மெலிந்த உடலோடு மீண்டும் எம்மோடு நடந்தான். “நாலு” என்றார் ஆச்சி. வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் எம்மை ஏன் எண்ணினார் என்பதை எம் தாயார் ஒருமுறை சொன்னார். ஆச்சிக்கு ஒரே மகன். அக்காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலரைப் போல அவனும் மலாயாவுக்கு உத்தியோகம் தேடிச் சென்றான். 1942 இல் யப்பானியர் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றினர்; கடிதங்கள் நின்றன. 1945 இல் யுத்தம் முடிந்தது. மற்றவர்களின் கடிதங்கள் வந்தன. அவன் கடிதம் வரவில்லை. திண்ணையில் இருந்து வீதியைப் பார்க்கத் தொடங்கிய ஆச்சி, வரவேண்டிய ஒருவன் வராமையால், வருகின்ற எல்லோரையும் எண்ணினார். கல்லிலே நாட்டினும் திண்ணையிலே இருந்தாலும் சுமைதாங்கி ஒன்றேயென இன்று எமக்குத் தோன்றுகின்றது.

அம்மாலை வழியிலே உழைப்பாளரையும் கண்டோம். காலையில் ஏறிய பனையிலே மாலையிலும் ஏறி முட்டியோடு இறங்குவார் சீவல் தொழிலாளர். வெங்காயத் தறையில் களை பிடுங்கிய பெண்கள், முதுகை நிமிர்த்தியவாறே கூட்டமாக வருவர். ஆறு ஒன்று வற்றாது ஓடாத இக்குடாநாட்டிலே, சுண்ணாம்புக் கற்பாறையுள் தங்கும் மழைநீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். அந்நீரை இறைக்க, துலாவின்மேல் இருவர் முன்னும் பின்னும் நடப்பர். கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகிவந்த அந்நாளிலும் சில கிணறுகளில் துலா ஆடிற்று. எமக்கு இயற்கணிதம் கற்பித்த ஆசிரியரை, வெள்ளை வேட்டியும் சால்வையும் இன்றி, நாலுமுழத் துண்டோடு மண்வெட்டி பிடித்துப் பாத்திக்கு நீர் திருப்பும் கோலத்தில் அவ்வாறான ஒரு மாலையிலேதான் கண்டோம். நாம் கூச்சத்தோடு விலகப் பார்த்தோம். அவரோ, “என்ன, இதுவும் சமன்பாடுதான். இந்தப் பாத்திக்கு விட்டதை அந்தப் பாத்திக்கும் விட வேணும்” எனச் சிரித்தார். மறுநாள் வகுப்பிலே அவர்மீது எமக்கிருந்த அச்சம் குறைந்தது, மதிப்பு ஏறிற்று.

வீட்டை அடையுமுன் புகையிரதக் கடவை ஒன்று உண்டு. 1902 தொடக்கம் இக்குடாநாட்டில் ஓடிவந்த வண்டி, கொக்குவிலையும் தொட்டுச் செல்லும். கடவை மூடியிருக்குமாயின் எமக்கு மகிழ்ச்சியே. வடக்கே ஒரு புள்ளியாகத் தோன்றும் புகை பெரிதாகிப் பெரிதாகி வரும். கொழும்புக்குச் செல்லும் எழுதுவினைஞர்கள், விடுமுறை முடிந்த முகத்தோடு சாளரங்களில் இருப்பர். நாம் கை அசைப்போம்; அவர்களும் அசைப்பர். நாம் வீட்டுக்குச் செல்கின்றோம், அவர்கள் வீட்டை விட்டுச் செல்கின்றார்கள் என்பதை அக்காலத்தில் நாம் எண்ணியதில்லை.

1990 இல் அவ்வண்டி யாழ்ப்பாணம் வருதல் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் சென்றன. அதற்கு முன்னரே மாலைப்பொழுது தன் இயல்பை இழந்திருந்தது. ஊரடங்கு என்னும் சொல் விளக்கு வைக்கும் நேரத்தின் இடத்தைப் பிடித்தது. வெளியே சென்ற பிள்ளை வீடு திரும்பும் வரையில் தாய்மார் படலையிலே நின்றனர். சில படலைகளில் அவ்வாறு நின்றவர் ஆண்டுக்கணக்காக நின்றனர். இன்றும் நிற்பவர் உளர். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளின் முற்பகுதியில், ஜாம் போத்தலுள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கின் முன்னே நம் கல்லூரிப் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். கல்லூரியின் வெற்றிப் பட்டியலிலே அவ்வாண்டுகளின் பெயர்களைக் காணும்போது, அவற்றின் பின்னே எரிந்த அச்சிறு சுடரையும் நினைத்தல் வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் மாலையைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாது அப்பாற் செல்ல இயலாது. அன்று வலிகாமம் முழுவதும் வீதிக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் நாவற்குழியை நோக்கி, தென்மராட்சியை நோக்கி நடந்தனர். சிறிது தூரத்தைக் கடக்க இரவு முழுவதும் சென்றது. துவிச்சக்கர வண்டியிலே மூட்டை; மூட்டையின்மேல் குழந்தை; தோளிலே முதியவர். நாமும் அக்கூட்டத்தில் ஒருவராய் நடந்தோம். எண்ணாயிரம் மைல் நடந்த கால்களுக்கு அன்றுதான் முதன்முறையாக வீட்டிற்கு எதிர்த்திசையில் மாலை நடை வாய்த்தது. மடங்களும் திண்ணைகளும் இல்லாத அவ்வீதியிலே, தென்மராட்சி மக்கள் தம் வீட்டுப் படலைகளைத் திறந்து வைத்தனர். பாடசாலைகளும் கோயில்களும் கொட்டில்களும் நிறைந்தன. முன்னோர் கல்லில் நாட்டிய அறம், கல் போனபின்னும் மனிதரிடம் எஞ்சியிருந்தது என்பதை அங்கே கண்டோம். மறு ஆண்டு மக்கள் பெரும்பாலும் மீண்டனர். எம் ஒழுங்கைக்குள் நுழைந்தபோது வேலிகள் இல்லை. ஆச்சியின் சங்கடப் படலையும் இல்லை. அவர் முன்னரே காலமாகிவிட்டார். எண்ணுவாரின்றி நாமே எம்மை எண்ணிக்கொண்டு வீடு சேர்ந்தோம்.

2014 ஒக்டோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாணத்திற்கும், 2015 ஜனவரி 2 ஆம் நாள் காங்கேசன்துறைக்கும் புகையிரதம் மீண்டும் வந்தது. கடவை மீண்டும் மூடித் திறக்கின்றது. ஆனால், அங்கே நின்று கை அசைக்கும் மாணவரைக் காண்பது அரிது. இக்காலத்தில் பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணியளவில் முடிகின்றது. அதன்பின் மாணவன் தனியார் கல்வி நிலையத்திற்குச் செல்கின்றான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைகின்றான். மாலையில் அவனைத் தந்தையார் மோட்டார்ச் சைக்கிளில் ஏற்றிவருகின்றார். அல்லது முச்சக்கர வண்டி கொண்டுவந்து விடுகின்றது. பெற்றோரை நாம் நோகோம். வீதியிலே வாகனங்கள் பறக்கின்றன, பரீட்சையோ இரக்கமற்றது. எனினும், வாயிலில் ஏறிப் படலையில் இறங்கும் பிள்ளைக்கு இடையிலுள்ள ஊர் தெரியாமற் போகின்றது. ஊருக்கும் அவனைத் தெரியாமற் போகின்றது. அவன் ஒரு நாள் வராவிடின், “மற்றவன் எங்கை?” என்று கேட்பார் யார்?

இன்று நாம் மாலையிலே கைத்தடியோடு அதே வழியில் மெல்ல நடக்கின்றோம். பூட்டிய வீடுகள் பல. சிலவற்றிலே காவலுக்கு ஒருவர் வந்து மின்விளக்கைப் போட்டுச் செல்கின்றார். சிலவற்றிலே பெரிய வீட்டின் ஓர் அறையில் மட்டும் வெளிச்சம். அங்கே தொலைபேசியின் முன்னே தனியே இருக்கும் தாயோ தந்தையோ, தூர தேசத்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகின்றனர். அப்பிள்ளைக்கும் அது வீடு திரும்பும் வேளையாயிராது. மார்கழிக் குளிரில் இலண்டனிலே பிற்பகல் 4 மணிக்கு முன்னரும், ரொறன்ரோவிலே 5 மணிக்கு முன்னரும் ஞாயிறு மறைந்துவிடும். வேலை முடிந்து இருளிலே பனிமேல் நடந்து வீடு செல்லும் நம் பழைய மாணவர்க்கு, அவ்வீதியிலே தம்மை எண்ணுவார் ஒருவருமில்லை. எம் நால்வருள் ஒருவன், காய்ச்சலில் பிழைத்தவன், ரொறன்ரோவிலிருந்து எழுதிய கடிதமொன்றில் இவ்வாறு குறிப்பிட்டான்: “இங்கே ஒரு வீட்டு யன்னலில் வயோதிபப் பெண் ஒருத்தி மாலையில் இருப்பாள். மொழி தெரியாது. நான் கை அசைப்பேன், அவளும் அசைப்பாள். ஒரு கிழமை நான் சுகவீனமாய் இருந்து திரும்பியபோது, கதவைத் திறந்து வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.” வழி எந்நாட்டதாயினும் அதன் இலக்கணம் ஒன்றே போலும்.

பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். கோயிலுக்கும் கல்லூரிக்கும் வளைவுகள் கட்டிப் பெயர் பொறித்தல் நன்றே. அச்செலவில் ஒரு சிறு பகுதியைக் கல்லூரியிலிருந்து செல்லும் வீதிகளுக்கும் ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். இரண்டு பேர் இருக்கத்தக்க வாங்கு ஒன்று. நிழலுக்கு ஒரு வேம்பு. ஒரு குழாயில் நல்ல நீர். இரவில் ஒரு விளக்கு. அவற்றில் எவர் பெயரும் வேண்டா. அங்கே எவரும் எவரிடமும் ஒன்றும் கேளாமல் இருந்து நீர் அருந்திச் செல்லலாம் என்பது மட்டும் உறுதியாதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்வோம். கிழமையில் ஒரு மாலையேனும், நண்பர் இருவர் மூவரோடு வீட்டிற்கு நடந்து செல்லுங்கள். மதிலுக்கு அப்பால் இருமல் கேட்டால் யாருடையது என அறியுங்கள். படலையில் நிற்கும் முதியவர் ஒருவருக்கு உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுள் ஒருவன் ஒரு நாள் வரவில்லையாயின், அடுத்த நாள் அவன் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். இதற்குப் பரீட்சை இல்லை, பரிசும் இல்லை. ஆயினும், நம் கல்லூரியின் பிள்ளைகள் இதனையும் கற்றார்கள் என அடுத்த யூபிலி மலரிலே ஒருவர் எழுதக்கூடுமாயின், இவ்வழியிலே நடந்த எம் போன்றோர்க்கு அதனினும் பெரிய நிறைவு பிறிதில்லை.